டைரக்டரியில் பதிவது பயன் தருமா? பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் வணிகர்களுக்கு ஓர் அளவுகோல்

அத்தியாயம் 6

கடைக்கு அகப்பக்கம் தொடங்கிய சில வாரங்களிலேயே மின்னஞ்சலிலோ புலனத்திலோ இப்படி ஒரு செய்தி வந்துவிடும்: “உங்கள் கடையை 300 டைரக்டரிகளில் பதிந்து தருகிறோம். கூகுளில் முதல் பக்கம் உறுதி.” பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கும் இது வரும், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் புடவைக் கடை வைத்திருப்பவருக்கும் வரும். சில நூறு ரிங்கிட்தானே என்று பலர் கட்டிவிடுகிறார்கள். வேறு சிலர், டைரக்டரி என்றாலே ஏமாற்று என்று எண்ணி, தங்களுக்கு உண்மையிலேயே பயன்படக்கூடிய பதிவுகளையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டுமே நட்டம்.

எல்லா டைரக்டரிக்கும் பொருந்தக்கூடிய ஒரே கேள்வி இதுதான்: கூகுள் என்ற ஒன்றே இல்லாவிட்டாலும் இந்தப் பட்டியலில் என் கடை இருக்க வேண்டும் என்று நினைப்பேனா? ஆம் என்றால் பதியுங்கள். லிங்க் கிடைக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கூகுளும் தன் வழிகாட்டுதலில் பல ஆண்டுகளாக ஏறத்தாழ இதே கேள்வியைத்தான் தள உரிமையாளர்களிடம் கேட்டுவந்தது. இந்தக் கேள்விக்கு எப்படி விடை காண்பது, விடை ஆம் என்றால் எப்படிப் பதிவது என்பதே இனி வரும் பக்கங்கள்.

டைரக்டரிக்கு எப்படி மதிப்பு வந்தது, எப்படிப் போனது

1994இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் தாங்கள் கண்ட இணையத்தளங்களைத் தலைப்புவாரியாகப் பட்டியலிட்டார்கள். அதுவே யாகூ ஆனது. 1998இல் தொடங்கிய டிமோஸ், தன்னார்வத் தொகுப்பாசிரியர்களை வைத்து அதே வேலையைச் செய்தது. ஒரு தளத்தை மனிதர் ஒருவர் திறந்து பார்த்து, தகுதி உண்டு என்று முடிவு செய்த பிறகே அது பட்டியலில் ஏறும். அந்தக் காலத்தில் மக்களும் தேடுபொறியைவிடப் பட்டியலையே நம்பினார்கள்.

அதே 1998இல் கூகுள் வந்தது. ஒரு பக்கத்துக்கு வெளியிலிருந்து வரும் லிங்க்குகளை அது நற்சான்றாக எடுத்துக்கொண்டது. தகுதியான இடத்திலிருந்து வரும் லிங்க்குக்கு எடை கூடுதல். டிமோஸிலும் யாகூவிலும் இடம்பெற்ற தளத்துக்கு அந்த எடை கிடைத்தது. யாகூ, வணிகத் தளங்களைப் பட்டியலில் சேர்க்க ஆண்டுக்கு 299 அமெரிக்க டாலர் வாங்கியது, வணிகர்களும் கொடுத்தார்கள். கூகுளே அப்போது தன் வழிகாட்டுதலில் இவ்விரண்டிலும் பதியுமாறு சொல்லியிருந்தது.

லிங்க்குக்கு விலை உண்டு என்று தெரிந்ததும், லிங்க்கை விற்பதற்கென்றே ஆயிரக்கணக்கில் டைரக்டரிகள் முளைத்தன. யாரும் படிக்காத பட்டியல்கள் அவை. பணம் கட்டினால் எந்தத் தளமும் உள்ளே போகலாம். தொகுப்பாசிரியர் என்று யாரும் கிடையாது. கூகுள் 2008இல் டைரக்டரியில் பதியச் சொன்ன வரியைத் தன் வழிகாட்டுதலிலிருந்து எடுத்தது. 2012 ஏப்ரல் 24 அன்று பெங்குயின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. செயற்கையாகச் சேர்த்த லிங்க்குகளால் மேலே வந்திருந்த தளங்கள் சரிந்தன. ஆங்கிலத் தேடல்களில் ஏறத்தாழ 3.1 விழுக்காட்டை அந்த மாற்றம் பாதித்ததாகக் கூகுளே அறிவித்தது. யாகூ டைரக்டரி 2014 கடைசியிலும், டிமோஸ் 2017 மார்ச்சிலும் மூடப்பட்டன. இன்று கூகுளின் ஸ்பேம் கொள்கையில், தவிர்க்க வேண்டிய லிங்க் வகைகளுள் ஒன்றாகத் தரம் குறைந்த டைரக்டரி லிங்க்கின் பெயர் வெளிப்படையாகவே இருக்கிறது.

தமிழிலும் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம், தமிழ் வலைப்பதிவுகளைத் திரட்டி ஓரிடத்தில் காட்டியது. கோலாலம்பூரில் எழுதுபவரையும் யாழ்ப்பாணத்தில் எழுதுபவரையும் வாசகர்கள் அங்கே வந்துதான் கண்டுபிடித்தார்கள். தமிழ்மணத்தில் சேர வேண்டும் என்று வலைப்பதிவர்கள் விரும்பியதற்குக் காரணம் லிங்க்கின் எடை கிடையாது. அங்கே வாசகர் இருந்தார்கள். வாசகர் இருக்கும் பட்டியலுக்கு மதிப்பு உண்டு. தேடுபொறியின் விதி எத்தனை முறை மாறினாலும் இது மாறவில்லை.

ஒரு பதிவால் என்னென்ன கிடைக்கலாம்

முதலாவது ஆள். பட்டியலைப் பார்த்து ஒருவர் தொலைபேசியில் அழைப்பார், வழி கேட்பார், கடைக்கு வருவார். இதுவே பெரிய பயன்.

இரண்டாவது உறுதி. கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் பல நம்பகமான இடங்களில் ஒரே மாதிரி இருந்தால், அப்படி ஒரு கடை அங்கே உண்மையாகவே நடக்கிறது என்பது மனிதருக்கும் தேடுபொறிக்கும் தெளிவாகும். அருகிலுள்ள கடைகளை வரிசைப்படுத்தும்போது மூன்று அம்சங்களைப் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது: தேடலுக்குக் கடை எவ்வளவு பொருந்துகிறது, தேடுபவரிடமிருந்து எவ்வளவு தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது. மூன்றாவதைக் கணிக்க இணையத்தில் கிடைக்கும் லிங்க்குகள், கட்டுரைகள், டைரக்டரிகள் போன்றவற்றை எடுத்துக்கொள்வதாகக் கூகுளின் உதவிப் பக்கம் முன்பு விளக்கியிருந்தது. ஆகவே, உள்ளூர்க் கடைக்கு டைரக்டரி முற்றிலும் செத்த சரக்கு என்று சொல்வது தவறு.

மூன்றாவது லிங்க். பல நல்ல டைரக்டரிகள் வெளியே போகும் லிங்க்குகளில் ‘நோஃபாலோ’ என்ற குறியைச் சேர்க்கின்றன. இந்த லிங்க்கை எங்கள் நற்சான்றாகக் கொள்ள வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி அது, 2005இல் வந்தது. 2019இல் கட்டண லிங்க்குக்கு ‘ஸ்பான்சர்டு’ என்ற தனிக் குறியும் சேர்ந்தது. நோஃபாலோ போட்ட டைரக்டரியில் பதிந்து என்ன பயன் என்று கேட்பவர்கள் மூன்றாவது பயனை மட்டுமே பார்க்கிறார்கள். முதல் இரண்டும் கிடைத்தால் அந்தக் குறி ஒரு பொருட்டே கிடையாது.

ஆறு சோதனைகள்

ஒரு டைரக்டரியின் பெயர் கையில் கிடைத்ததும் கீழ்க்கண்ட ஆறையும் செய்யுங்கள். எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம்தான்.

1. வாடிக்கையாளரைப் போலத் தேடிப் பாருங்கள். “பிரிக்ஃபீல்ட்ஸ் வாழை இலைச் சாப்பாடு”, “கிள்ளான் லிட்டில் இந்தியா புடவைக் கடை” என்று ஆங்கிலத்திலும் மலாயிலும் தமிழிலும் கூகுளில் தேடுங்கள். முதல் இரண்டு பக்கங்களில் அந்த டைரக்டரி வருகிறதா? வந்தால் உங்கள் வாடிக்கையாளரும் அதைப் பார்க்கிறார். மூன்று மொழியிலும் எங்கேயும் வரவில்லை என்றால், அங்கே பதிவதால் ஆள் வரப்போவதில்லை.

2. கூகுள் அதைத் தன் கணக்கில் வைத்திருக்கிறதா என்று பாருங்கள். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் சைட் என்று தட்டி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் டைரக்டரியின் முகவரியை எழுதுங்கள். அதன் பக்கங்கள் வரிசையாக வர வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் கூகுள் அந்தத் தளத்தைத் தன் பட்டியலில் ஏற்றவில்லை என்றோ ஒதுக்கிவிட்டது என்றோ பொருள். அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள்.

3. அக்கம்பக்கத்துக் கடைகளைத் தேடுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த தெருவை அதில் பாருங்கள். மூடிப் பல ஆண்டுகள் ஆன கடை இன்னும் நடப்பதாகக் காட்டுகிறதா? இடம் மாறிய கடை பழைய முகவரியிலேயே இருக்கிறதா? பராமரிப்பு உண்டா இல்லையா என்பது இதில் தெரிந்துவிடும். இந்தச் சோதனையில் வெளியூர் நிறுவனத்தைவிட உங்களுக்குத்தான் வசதி அதிகம், தெரு உங்களுடையது.

4. உங்கள் வகைப்பிரிவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். நகைக்கடைப் பிரிவில் நகைக்கடைகளே இருக்க வேண்டும். சூதாட்டத் தளம், கடன் தரும் தளம், வெளிநாட்டு மருந்துத் தளம் எல்லாம் அதே பக்கத்தில் கலந்து கிடந்தால் அது லிங்க் விற்கும் இடம்.

5. பதிவை யாராவது சரிபார்க்கிறார்களா என்று பாருங்கள். படிவத்தை அனுப்பிய நொடியே பதிவு வெளியாகிறதா, தொலைபேசி எண்ணையாவது உறுதி செய்கிறார்களா? நுழைய எந்தத் தடையும் இல்லாத பட்டியலில் இருப்பது எந்தத் தகுதியையும் காட்டாது.

6. நடத்துபவர் யார் என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயர், மலேசிய முகவரி, தொடர்பு எண், எஸ்.எஸ்.எம். பதிவு எண் இருக்கின்றனவா? நாளைக்கு எண் மாறினால் பதிவைத் திருத்தவோ நீக்கவோ வழி உண்டா?

முதல் சோதனையில் தேறினால் மற்றவற்றில் சிறு குறை இருந்தாலும் பதியலாம். முதலாவதில் தோற்று, மீதியில் நான்கில் தேறினால் இலவசமாக இருக்கும்பட்சத்தில் மட்டும் பதியலாம். இரண்டாவதிலோ நான்காவதிலோ தோற்றால் பதியவே வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டைரக்டரி விற்பவர்கள் “எங்கள் டொமைன் அத்தாரிட்டி 60” என்பது போல எண் காட்டுவார்கள். மோஸ் என்ற தனியார் நிறுவனம் தன் கணக்குப்படி தரும் மதிப்பெண் அது. கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை. பக்கத்தின் எடையைக் காட்டிவந்த கூகுளின் சொந்த எண்ணையும் 2016க்குப் பிறகு பொதுமக்கள் பார்க்க முடியாது. எண்ணைக் காட்டி விலை சொல்பவரிடம் முதல் சோதனையை அவர் முன்னாலேயே செய்து காட்டச் சொல்லுங்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் எங்கே பதியலாம்

முதல் அடுக்கு: வரைபடங்கள். கூகுள் பிசினஸ் புரொஃபைல், வேஸ், ஆப்பிள் வரைபடம், பிங் பிளேசஸ். எல்லாவற்றிலும் பதிவு இலவசம். இந்த நாட்டில் வண்டி எடுத்தாலே வேஸ் போடுபவர்கள் ஏராளம். கடையின் வாசல் அதில் தவறான தெருவில் இருந்தால் தீபாவளி நெரிசலில் வாடிக்கையாளர் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் வேறு கடைக்குப் போய்விடுவார். கூகுள் பதிவுக்கு உரிமை நிறுவப் பல நேரங்களில் காணொளி கேட்பார்கள்: தெரு, கடைப் பலகை, உள்ளே கல்லாப் பெட்டியோ சரக்கறையோ தெரியும்படி எடுத்து அனுப்ப வேண்டும். இந்த நான்கையும் முடிக்காமல் வேறு எந்த டைரக்டரிக்கும் போகாதீர்கள்.

இரண்டாம் அடுக்கு: தொழில்வாரிப் பட்டியல்கள். இவற்றின் மதிப்பைப் பலர் உணர்வதில்லை. ஹலால் சான்று பெற்ற உணவகத்தையோ தயாரிப்பையோ ஜாக்கிமின் ஹலால் தளத்தில் எவரும் சரிபார்க்கலாம். சுற்றுலா நிறுவனம் என்றால் சுற்றுலா அமைச்சின் உரிமப் பட்டியலும், மாட்டா சங்க உறுப்பினர் பட்டியலும். வழக்கறிஞருக்கு வழக்கறிஞர் மன்றத்தின் தேடல் பக்கம், கணக்காய்வாளருக்கு எம்.ஐ.ஏ.; குத்தகையாளருக்கு சி.ஐ.டி.பி.; ஏற்றுமதி செய்பவருக்கு மாட்ரேட். இந்திய உணவகங்களுக்கு பிரிமாஸ், இந்திய முஸ்லிம் உணவகங்களுக்கு பிரெஸ்மா, பொதுவாக வணிகர்களுக்குக் கோலாலம்பூர் சிலாங்கூர் இந்திய வர்த்தக சங்கம் என்று அமைப்புகள் உண்டு. இவற்றில் சில, அகப்பக்கத்துக்கு லிங்க் தராமல் பெயரை மட்டும் வெளியிடலாம். ஆனாலும், தகுதி இல்லாதவர் நுழைய முடியாத பட்டியல் என்பதால் அந்தப் பெயருக்கே எடை உண்டு. ஏற்கெனவே உறுப்பினராக இருந்தும் அகப்பக்க முகவரியைக் கொடுக்காமல் விட்டவர்கள் பலர். சங்கச் செயலாளரிடம் ஒரு முறை பேசினால் சேர்த்துவிடுவார்கள்.

மூன்றாம் அடுக்கு: வாடிக்கையாளர் வகையைக் குறிவைக்கும் தளங்கள். கேஎல் சென்ட்ரலில் இறங்கும் வெளிநாட்டுப் பயணி டிரிப்அட்வைசரைத் திறப்பார். சைவ உணவு தேடுபவர்கள் உலகெங்கும் ஹேப்பிகவ் தளத்தைப் பார்க்கிறார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் சைவ உணவகம் அதில் இல்லாமல் இருப்பது வருமானத்தை விடுவதாகும். கல்யாண மாலை, மேடை அலங்காரம், நாதசுவரக் குழு, படப்பிடிப்பு என்று திருமணம் சார்ந்த தொழில் செய்பவர்கள் திருமணச் சேவைத் தளங்களைத் தனியாகச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

நான்காம் அடுக்கு: பொது டைரக்டரிகள். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு தடித்த புத்தகமாகக் கிடைத்த மஞ்சள் பக்கங்கள் இப்போது இணையத்தில் இருக்கின்றன. இவற்றையும் இவற்றைப் போன்றவற்றையும் ஆறு சோதனைக்கும் உட்படுத்தி, தேறும் நான்கைந்தில் இலவசப் பதிவை மட்டும் எடுங்கள். அதற்கு மேல் தேடி அலைய வேண்டாம்.

டைரக்டரிகளே நிலையில்லாதவை என்பதையும் மனத்தில் வையுங்கள். வீட்டுப் பழுது, சுத்தம், வகுப்பு போன்ற சேவைகளுக்கு இங்கே பெயர்பெற்றிருந்த காவோடிம் 2022 ஜூலையில் மூடப்பட்டது. அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. வாடிக்கையாளரின் பெயரும் எண்ணும் உங்கள் கையில் இருக்க வேண்டும். பட்டியல் அவர்களைக் கொண்டுவந்து விடுவதோடு சரி.

பதிவதற்கு முன் ஒரு தாள்

பதிவுகள் கெடுவது பெரும்பாலும் முகவரியில்தான். முதலில் ஒரே ஒரு தாளில் கீழ்க்கண்டவற்றை எழுதி, எல்லா இடத்திலும் அதையே ஒட்டுங்கள்.

பெயர்: கடைப் பலகையில் உள்ளபடி. பெயரோடு “மலிவான புடவை கிள்ளான்” என்று தேடல் சொற்களை ஒட்டுவதைக் கூகுள் தன் விதிகளில் தடை செய்திருக்கிறது, பதிவே முடக்கப்படலாம். எஸ்.எஸ்.எம்.மில் பதிந்த பெயரும் பலகைப் பெயரும் வேறாக இருந்தால் பலகைப் பெயரை எங்கும் ஒரே எழுத்துக்கூட்டலில் வையுங்கள்.

முகவரி: பிரிக்ஃபீல்ட்ஸ் கூட்டரசுப் பிரதேசத்தில் இருக்கிறது. மாநிலப் பட்டியலில் சிலாங்கூரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் டைரக்டரி உங்களை வேறு மாநிலத்தில் காட்டும். அஞ்சல் குறியீடு 50470. ஜாலான் தெங்கு கிளானாவுக்கு 41000. கிள்ளானும் கிள்ளான் துறைமுகமும் ஒன்றல்ல. துறைமுகத்தின் குறியீடு 42000. ஆங்கில எழுத்தில் கிள்ளானைப் பழைய முறைப்படி ‘கெலாங்’ என்று எழுதும் பதிவுகள் இன்னும் இருக்கின்றன. புதிய முறையையே பயன்படுத்துங்கள். ‘ஜாலான்’ என்று முழுதாக எழுதுவதா சுருக்குவதா என்று ஒருமுறை முடிவு செய்து அதையே தொடருங்கள்.

இடக் குறிப்பு: லிட்டில் இந்தியா என்று மட்டும் எழுதாதீர்கள். 2010 அக்டோபர் 27 அன்று அன்றைய பிரதமர்கள் நஜிப்பும் மன்மோகன் சிங்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்தார்கள். கிள்ளானிலும் ஒரு லிட்டில் இந்தியா இருக்கிறது. மஸ்ஜித் இந்தியா பகுதியையும் அப்படிச் சொல்பவர்கள் உண்டு. ஊர்ப் பெயரைச் சேர்த்தே எழுதுங்கள்.

எண்: 03இல் தொடங்கும் கடை எண்ணா, கைப்பேசி எண்ணா? ஒன்றைத் தேர்ந்தெடுத்து எங்கும் அதையே கொடுங்கள். யார் எடுத்துப் பேசுவார் என்பதே முக்கியம்; அடித்துக்கொண்டே இருக்கும் கடைத் தொலைபேசியைவிட, உடனே பதில் வரும் புலன எண் மேல்.

விவரம்: மூன்று நான்கு வாக்கியம். என்ன விற்கிறீர்கள், எந்த நேரம் திறப்பு, வண்டி நிறுத்த இடம், எந்த மொழிகளில் பேசுவீர்கள். டைரக்டரி இடம் கொடுத்தால் தமிழிலும் ஒரு பத்தி எழுதுங்கள். மருத்துவம், சட்டம் போன்ற துறையினர் தங்கள் விளம்பர விதிகளைப் பார்த்த பிறகே புகழ்ச் சொற்களைச் சேர்க்க வேண்டும்.

லிங்க்: கடைப் பெயரிலேயே இருக்கட்டும். ‘சிறந்த நகைக்கடை கிள்ளான்’ என்ற ஒரே சொற்றொடரைப் பல தளங்களில் லிங்க்காக இடுவது, செயற்கையாகச் செய்தது என்பதைக் காட்டிக்கொடுக்கும் முதல் அடையாளம்.

பதிவு செய்யும் மின்னஞ்சல் கடையுடையதாக இருக்க வேண்டும். முகவரோ தம்பி மகனோ தம் சொந்த மின்னஞ்சலில் பதிந்துவிட்டால், அவர் விலகிய பிறகு எண்ணைக்கூடத் திருத்த முடியாது. எங்கே, எப்போது, எந்த மின்னஞ்சலில் பதிந்தோம் என்று ஒரு பட்டியல் வையுங்கள். அடையாள அட்டை எண்ணையோ வங்கி விவரத்தையோ இலவச டைரக்டரி கேட்டால் கொடுக்காதீர்கள். பதிவுக்கு அது தேவையே இல்லை.

பணம் கேட்டால்

கட்டணம் கேட்பது குற்றமில்லை. ஆள் பிடித்துத் தரும் தளம் விளம்பரக் கூலி கேட்கலாம். அதை விளம்பரச் செலவாகவே கணக்கிடுங்கள். ஆண்டுக் கட்டணம் 360 ரிங்கிட் என்றும், ஒரு வாழை இலைச் சாப்பாட்டில் எல்லாச் செலவும் போக 3 ரிங்கிட் நிற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். முதலை எடுக்கவே 120 சாப்பாடு, அதாவது மாதம் 10 புதிய வாடிக்கையாளர் அந்த டைரக்டரி வழியாக வர வேண்டும். வருவார்களா என்று விற்பவரிடம் கேளுங்கள். உங்கள் வகைப்பிரிவில் ஏற்கெனவே கட்டணம் கட்டும் இரண்டு கடைகளுக்குப் போய் நேரிலும் கேளுங்கள். நம் ஆட்களிடம் இது எளிது. தெருவில் எல்லாரும் தெரிந்தவர்கள்.

“எங்கள் கட்டணப் பதிவில் நோஃபாலோ கிடையாது, லிங்க் எடை முழுதாக வரும்” என்று சொல்லி விற்றால் பின்வாங்குங்கள். எடைக்காக லிங்க்கை வாங்குவது கூகுளின் விதியை மீறுவது. கட்டண லிங்க்கில் உரிய குறி இருக்க வேண்டும். குறி இல்லை என்பதைப் பெருமையாகச் சொல்லும் தளம் உங்களையும் சேர்த்துச் சிக்கலில் இழுத்துவிடும். “மிகச் சிறந்த பத்துக் கடைகள்” போன்ற பட்டியலில் பணம் கட்டி இடம்பிடிப்பதற்கும் இதே பதில்தான்.

‘புதுப்பிப்புக் கட்டணம்’ என்ற பெயரில் வரும் பில் எல்லாவற்றையும் உங்கள் பதிவுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் பதியாத டைரக்டரியிலிருந்து, அரசுக் கடிதம்போலவோ பழகிய பெயர்போலவோ தோற்றம் காட்டி பில் அனுப்புவது உலகெங்கும் நடக்கும் பழைய மோசடி. கணக்குப் பார்க்கும் பணியாளரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

முன்னரே 300 டைரக்டரியில் பதிந்திருந்தால்

பதற வேண்டாம். 2016 முதல் பெங்குயின், கூகுளின் அன்றாட இயக்கத்தின் பகுதியாகிவிட்டது. மோசமான லிங்க்குகளை அது பெரும்பாலும் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவிடுகிறது. போட்ட பணம் வீண் என்பதோடு முடிந்துவிடும். தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் நுழைந்து, கைமுறை நடவடிக்கை என்ற பகுதியைப் பாருங்கள். அங்கே எச்சரிக்கை எதுவும் இல்லை என்றால் அந்த லிங்க்குகளை அப்படியே விட்டுவிட்டு, பழைய எண்ணும் பழைய முகவரியும் உள்ள பதிவுகளை மட்டும் திருத்துங்கள். எச்சரிக்கை இருந்தால், நீக்கச் சொல்லி முடிந்தவரை எழுதிப் பார்த்து, மிஞ்சியவற்றை, இவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்லும் நிராகரிப்புக் கருவியில் இடலாம். காரணமில்லாமல் அந்தக் கருவியைத் தொட்டால் நல்ல லிங்க்கும் போய்விடும்.

உழைப்பை எங்கே போடுவது

முதல் இரண்டு அடுக்கையும் முடித்துவிட்டால் டைரக்டரி வேலை பெரும்பாலும் முடிந்தது. அதன் பிறகு நல்ல லிங்க் வருவது நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் காரியங்களிலிருந்துதான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறீர்கள். தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்குக் கோப்பை கொடுக்கிறீர்கள். பட்டிமன்றத்துக்கோ நூல் வெளியீட்டுக்கோ ஆதரவு தருகிறீர்கள். இவற்றை நடத்தும் ஆலயம், பள்ளி, சங்கம் ஆகியவற்றுக்கு அகப்பக்கம் இருந்தால், ஆதரவாளர் பெயரோடு முகவரியும் இருக்கட்டும் என்று பணிவாகக் கேளுங்கள். நீங்கள் சரக்கெடுக்கும் மொத்த வியாபாரி தன் பொருள் கிடைக்கும் கடைகளைப் பட்டியலிடுகிறாரா என்று பாருங்கள். மலேசிய நண்பன், மக்கள் ஓசை, தமிழ் மலர் போன்ற நாளேடுகளுக்கும் வணக்கம் மலேசியா போன்ற இணைய ஊடகங்களுக்கும் உள்ளூர்த் தொழிலைப் பற்றிய செய்தி வேண்டும். நாற்பது ஆண்டு பழைய மாலைக் கடையின் கதையை நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். அப்படி வரும் ஒரு கட்டுரையை உறவினர் பகிர்வார், வாடிக்கையாளர் படிப்பார், தேடுபொறியும் கண்டுகொள்ளும்.

மூன்று மாதம் கழித்து

பதிந்ததோடு நிறுத்தாமல் அளந்து பாருங்கள். ஒவ்வொரு டைரக்டரிக்கும் கொடுக்கும் அகப்பக்க முகவரியின் கடைசியில் ஓர் அடையாளக் குறியைச் சேர்த்தால், எங்கிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்பதைக் கூகுள் அனலிட்டிக்ஸ் பிரித்துக் காட்டும். உங்கள் அகப்பக்கம் செய்தவரிடம் சொன்னால் சில நிமிடத்தில் செய்து தருவார். அதைவிட எளிய வழி, புதிதாக வரும் வாடிக்கையாளரிடம் “எப்படிங்க நம்ம கடையைத் தெரிஞ்சுக்கிட்டீங்க?” என்று கேட்டுக் கல்லாவில் உள்ள நோட்டில் கோடு போடுவது. கூகுள் பிசினஸ் புரொஃபைல், எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்ற எண்ணிக்கையைத் தானே காட்டும்.

மூன்று மாதத்தில் ஓர் ஆள்கூட வராத கட்டண டைரக்டரியை அடுத்த முறை புதுப்பிக்காதீர்கள். ஆள் வராத இலவசப் பதிவு இருந்துவிட்டுப் போகட்டும். முகவரியும் எண்ணும் சரியாக இருந்தால் போதும். ஆள் கொண்டுவரும் பட்டியலில் படத்தைப் புதுப்பியுங்கள், விமர்சனங்களுக்குப் பதில் எழுதுங்கள், தீபாவளி, பொங்கல் கால நேர மாற்றத்தை முன்கூட்டியே இடுங்கள்.

இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கைப்பேசியில் உங்கள் கடைப் பெயரைத் தேடி, முதலில் வரும் ஐந்து இடங்களில் உள்ள முகவரியையும் எண்ணையும் தாளோடு ஒப்பிடுங்கள். தவறானதை முதலில் திருத்துங்கள். புதிதாக 300 இடத்தில் பதிவதைவிட, ஏற்கெனவே வாடிக்கையாளர் பார்த்துக்கொண்டிருக்கும் ஐந்து இடங்களைச் சரியாக வைப்பது கடைக்கு அதிக ஆளைக் கொண்டுவரும்.